எலியாசுக்கு மாதம் நாலாயிரம்

அந்தக் கேள்வி வரும்வரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வங்கியில் வீட்டுக் கடன்களைப் பார்க்கும் ஹில்டே, கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று பிலேந்திரனுக்கு முழுதாக விளங்கவில்லை. பச்சை என்பது மட்டும் விளங்கியது. மேசைக்குக் கீழே மக்டலீனின் கை அவருடைய முழங்காலைப் பற்றிக்கொண்டது.

"வட்டி இன்னும் மூன்று வீதம் ஏறினாலும் உங்களால் கட்ட முடியும்," என்றாள் ஹில்டே. "மட்டுமட்டாகத்தான். ஆனாலும் முடியும்."

மட்டுமட்டே அவர்களுக்குப் போதும்.

திராமன் நகரத்தில் பிலேந்திரன் வைத்திருந்த மீன்கடை நொடித்து எட்டு வருடங்களாகின்றன. கடை தனியே போகவில்லை, வீட்டையும் கூட்டிக்கொண்டு போனது. அதன் பிறகு அரசாங்கம் போட்டுக்கொடுத்த கடன் தீர்வுத் திட்டம். ஐந்து வருடங்களுக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக மிஞ்சியதெல்லாம் கடன்காரர்களுக்கு. திட்டம் முடிந்த நாளில் மீதிக் கடன் சட்டப்படி அழிந்தது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த கரும்புள்ளியும் அழிந்தது. பிலேந்திரன் இப்போது ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார். மக்டலீனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருவரும் கூடுதல் நேரம் உழைத்துச் சேர்த்த பணம், வீட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு, வங்கியில் தயாராக இருந்தது.

வீடும் தயாராக இருந்தது. ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள ஹொல்ம்லியாவில் இவ்வளவு காலமும் வாடகைக்கு இருந்த அதே வீடுதான். இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்துக்கு நேரே பெரிய ஜன்னல். வீட்டுக்காரக் கிழவர் விற்கப்போகிறாராம். "உங்களுக்கு வேண்டுமென்றால் முதலில் உங்களுக்கு. ஈஸ்டருக்கு முன் வங்கியின் சம்மதத்தைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் முகவரிடம் கொடுத்துவிடுவேன்," என்று சொல்லியிருந்தார். ஈஸ்டருக்கு மூன்று கிழமை இருந்தது.

மக்டலீன் அன்றைக்கே போய் ஓர் ஆணி வாங்கி வந்துவிட்டாள். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால், மடு மாதாவின் படம் எட்டு வருடமாகப் புத்தக அலுமாரியின் மேல் சாய்ந்தபடி நின்றது. வீடு சொந்தமானால் முதல் வேலை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடிப்பது.

ஹில்டே திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கடைசியாக ஒன்று. ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி எலியாஸ் என்ற ஒருவருக்கு நாலாயிரம் குரோணர் போகிறது. அது என்ன?"

உதவிக்கு வந்திருந்த மகள் சிந்தியா, "அது எங்கள் குடும்பத்துக்குள்..." என்று தொடங்கினாள்.

பிலேந்திரன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். இந்தக் கேள்விக்காகவே வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நொடித்துப்போனவன் என்று எட்டு வருடம் பேர் சுமந்தவருக்கு, தான் எப்படிப்பட்டவன் என்று ஒரு வங்கிக்குச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பம்.

"அது கடன்," என்றார் நல்ல நோர்வேஜிய மொழியில். "எலியாஸ் என் மனைவியின் தம்பி. கடை தொடங்கும்போது கையில் தந்த காசு. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. கடை நொடித்தபோது மற்றவர்கள் எல்லாரும் தங்கள் கடனைப் பதிந்தார்கள். அவன் பதியவில்லை. சட்டப்படி நான் அவனுக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் திட்டம் முடிந்ததிலிருந்து கொடுக்கிறேன். கடைசிக் குரோணர் வரை கொடுப்பேன்."

சொல்லிவிட்டு ஹில்டேயின் முகத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட மனிதனுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கிதான் யோசிக்கும்?

சிந்தியாவின் சப்பாத்து மேசைக்குக் கீழே அவருடைய காலில் இடித்தது. பிந்திவிட்டது.

ஹில்டே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். "நீங்கள் நேர்மையான மனிதர், பிலேந்திரன்," என்றாள். அவள் குரல் ஏதோ மரணச்செய்தி சொல்வதுபோல் இருந்தது. பிறகு விசைப்பலகையில் நாலு எண்களைத் தட்டினாள்.

பச்சைக் கோடு சிவப்பானது.

"நாலாயிரம்தானே!" என்றார் பிலேந்திரன்.

"நாலாயிரம் இல்லாதபோதே மட்டுமட்டு. அதோடு இது எங்கும் அறிவிக்காத கடன். ஒருமுறை கடன் தீர்வுக்குப் போனவருக்கு வேறு எந்தக் கடனும் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி."

"நாங்களாக இதைச் சொல்லாமல் விட்டிருந்தால்?" என்று மக்டலீன் மெதுவாகக் கேட்டாள்.

ஹில்டே கண்ணாடியைத் திரும்ப நெற்றிக்கு ஏற்றினாள். "ஒரு வழி இருக்கிறது. உங்களிடமிருந்து தனக்கு எதுவும் வரவேண்டியதில்லை என்று எலியாஸ் எழுதிக் கையெழுத்திட்டால், நான் மேலே அனுப்பிப் பார்க்கலாம்."

ஹொல்ம்லியாவுக்குப் போகும் ரயில் முதல் தரிப்பைத் தாண்டியது.

"அப்பா, உங்களை ஆர் அவ்வளவும் சொல்லச் சொன்னது?" சிந்தியா வெடித்தாள்.

"அவதானே கேட்டவ."

"பேர்த்டே காசு எண்டு சொல்லியிருக்கலாம்."

"மாசா மாசம் அவனுக்குப் பேர்த்டேயோ?"

மக்டலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். "எலியாஸ் எழுதித் தருவான்," என்றாள். "என்ரை தம்பி. அவன் தருவான்."

"தருவான்," என்றார் பிலேந்திரன். "தருவான் எண்டதுதான் எனக்குப் பயம்."

எட்டு வருடத்துக்கு முன்பும் எலியாஸ் அப்படித்தான் செய்தான். கடன் கொடுத்தவர்கள் பதியவேண்டும் என்ற அறிவித்தல் வந்தபோது பிலேந்திரனே அவனிடம் போய்ச் சொன்னார்: "மச்சான், நீயும் பதி. முழுக்க வராட்டியும் கொஞ்சமாவது வரும்." எலியாஸ் கோபப்பட்டான். "அக்கான்ரை மனுசனுக்கு எதிரா நான் பேர் பதியிறதோ? நாளைக்குக் கோயிலடியிலை சனம் என்னெண்டு கதைக்கும்? போங்கோ அத்தான்!" மீன் அனுப்பிய கம்பனிக்குக் கொஞ்சம் கிடைத்தது. குளிர்பெட்டி விற்றவனுக்குக் கொஞ்சம் கிடைத்தது. வெட்கத்தில் பேசாமல் இருந்த எலியாசுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை பிற்பகல் மூவரும் திராமனுக்குப் போனார்கள். நிலையத்திலிருந்து எலியாசின் வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் அவர்களுடைய பழைய வீடு. மக்டலீன் அந்த இடம் வந்ததும் வழக்கம்போல் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தாள். முற்றத்தில் யாரோ பிள்ளைகளுக்குத் துள்ளும் வலை கட்டியிருந்தார்கள்.

எலியாசுக்கு வாகனம் திருத்தும் இடத்தில் வேலை. விரல்களில் கறுப்பு எண்ணெய் இருந்தது. "வாங்கோ அத்தான், வா அக்கா," என்று கதவைத் திறந்தவன், சிந்தியாவின் தலையைத் தட்டி, "பெரிய மனுசி, மாமாவை மறந்திட்டீர் என்ன?" என்றான். அவன் மனைவி அருள்ராணி றோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். விசயத்தைச் சொல்லும்வரை றோல்ஸ் சூடாக இருந்தது.

சொல்லி முடித்ததும் அருள்ராணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப, முதல் தரம் பதியாமல் விட்டு ஏமாந்தம். இந்த முறை எழுதிக் குடுத்து ஏமாறச் சொல்லுறியள்."

"அருள், நீ சும்மா இரு," என்றான் எலியாஸ்.

"சும்மா இருந்துதானே எட்டு வருசம். அண்ணை கோவிக்கக்கூடாது. எங்களுக்கும் ஒரு பிள்ளை படிக்குது."

"கோவமில்லை அருள்ராணி," என்றார் பிலேந்திரன். "உங்களிலை பிழையில்லை. இது பாங்குக்குக் காட்ட மட்டும். எனக்கும் எலியாசுக்கும் இடையிலை உள்ளது உள்ளபடி இருக்கும். ஒண்டாம் திகதி எண்டால் ஒண்டாம் திகதி காசு வரும்."

"அந்தோனியார் அறியச் சத்தியமோ?"

"அந்தோனியார் அறிய."

அருள்ராணி கணவனைப் பார்த்தாள். எலியாஸ் அக்காவைப் பார்த்தான். மக்டலீன் தன் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்க வந்தவள் அப்படித்தான் இருப்பாள்.

"கொண்டா பேனையை," என்றான் எலியாஸ். சிந்தியா தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்ததை அவன் வாசிக்கவேயில்லை. எண்ணெய் விரலால் தாளில் கறை படக்கூடாது என்று மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். "பிலேந்திரனிடமிருந்து எனக்கு வரவேண்டிய பணம் எதுவும் இல்லை" என்ற வரிக்கு நேர்கீழே.

சிந்தியா கைப்பேசியால் படம் எடுத்து வங்கிக்கு அனுப்பினாள். மக்டலீன் எழுந்து போய்த் தம்பியின் தோளில் கையை வைத்தாள்.

"என்ன அக்கா, அழுறியோ? வீடு குடிபூரலுக்கு எனக்கு நண்டுக்கறி வேணும். சொல்லிப்போட்டன்."

"இரண்டு கிலோ சமைக்கிறன்ரா."

அருள்ராணிகூடச் சிரித்தாள். தேநீர் ஊற்ற எழுந்தாள். அப்போதுதான் பிலேந்திரனின் கைப்பேசி அடித்தது. ஹில்டே! இவ்வளவு விரைவில் அழைப்பாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. எல்லாரும் கேட்கட்டும் என்று, எந்த அழைப்புக்கும் செய்வதுபோல, பிலேந்திரன் ஒலிபெருக்கியை அழுத்திக் கைப்பேசியை மேசை நடுவில், றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கடிதம் கிடைத்தது, நன்றி," என்றது ஹில்டேயின் குரல். "ஒரே ஒரு கேள்வி. உங்கள் பதிலை நான் அப்படியே கோப்பில் எழுதவேண்டும். அடுத்த மாதத்திலிருந்து எலியாசுக்கு நீங்கள் எந்தப் பணமும் கொடுக்கமாட்டீர்கள். சரிதானே?"

அருள்ராணியின் கையில் தேநீர்க் கேத்தல் அப்படியே நின்றது. இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு அந்த வாக்கியத்தில் விளங்காத சொல் ஒன்றும் இல்லை.

பிலேந்திரன் ஒலிபெருக்கியை நிறுத்தக் கையை நீட்டினார். நிறுத்தினால் அது இன்னும் கேவலம் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டார்.

"பிலேந்திரன்? இருக்கிறீர்களா?"

"ஓம்... இருக்கிறேன்."

மக்டலீன் அவரையே பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்தது ஒரு சுவர்தான். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்.

"கொடுக்கமாட்டேன்," என்றார்.

"இனி எப்போதுமே?"

"எப்போதுமே."

"நன்றி. மேலே அனுப்புகிறேன். நல்ல மாலையாக அமையட்டும்."

அழைப்பு நின்றது. எலியாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி மட்டும்தான்.

"மச்சான், அது பாங்குக்குச் சொன்னது," என்றார் பிலேந்திரன்.

"தெரியும் அத்தான்."

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் எண்டு சொல்லிட்டனே. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

குடித்தார்கள். அருள்ராணி மிச்ச றோல்ஸைப் பெட்டியில் போட்டுக் கட்டித் தந்தாள். எத்தனை முறை வந்தாலும் காரில் நிலையம்வரை கொண்டுபோய் விடும் எலியாஸ், அன்று வாசலில் நின்று கையைக் காட்டினான்.

பதில் அடுத்த திங்கட்கிழமை வந்தது. பிலேந்திரன் பேருந்தைக் கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டு இருக்கையில் இருந்தபடியே கேட்டார்.

"மன்னிக்கவேண்டும்," என்றாள் ஹில்டே. "மேலே இருப்பவர்கள் சம்மதிக்கவில்லை."

"கடிதம் தந்தோமே."

"கடிதம் இருக்கிறது. ஆனால் முதல் நாள் நீங்கள் கடைசிக் குரோணர் வரை கொடுப்பேன் என்றீர்கள். அந்தக் கிழமையே இனி எப்போதும் கொடுக்கமாட்டேன் என்றீர்கள். நான் இரண்டையும் எழுதினேன், எழுதியே ஆகவேண்டும். இரண்டில் ஒன்று உண்மையில்லை. எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை."

பிலேந்திரன் வெறும் பேருந்தைத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு கையுறையை இருக்கையில் விட்டுப் போயிருந்தார்கள்.

"நான் எதைச் சொல்லியிருக்கவேண்டும், ஹில்டே?"

"எனக்குத் தெரியாது," என்றாள் அவள். அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்று பிலேந்திரனுக்குப் பட்டது. "ஒரு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பியுங்கள்."

ஒரு வருடம் வீடு காத்திருக்காதே. இன்னும் இரண்டு வங்கிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். முதலாவது, பழைய கதையைக் கேட்டதுமே மறுத்தது. இரண்டாவது, பரிசீலிக்க ஆறு கிழமை வேண்டும் என்றது. வீட்டுக்காரக் கிழவர் ஈஸ்டர் முடிந்து ஒரு கிழமை கூடக் காத்திருந்தார். பிறகு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் மகளுக்கும் காசு தேவைப்படுகிறது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

முதலாம் தேதி பிலேந்திரன் எலியாசுக்கு நாலாயிரம் அனுப்பினார். மாலையில் அது திரும்பி வந்தது. மறுநாள் மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் வந்தது. ஹொல்ம்லியாவுக்கும் திராமனுக்கும் இடையில் அந்த நாலாயிரம் போய் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அழைத்தார். "என்னடா இது விளையாட்டு?"

"விளையாட்டில்லை அத்தான்." எலியாசின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது. "எனக்கு உங்களிட்டைக் காசு இல்லையெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டன். இனி வாங்கினால் நான் கள்ளன்."

"அது பாங்குக்கு எழுதினதடா!"

"நீங்களும் பாங்குக்குத்தானே சொன்னியள். ஆனால் நான் பக்கத்திலை இருந்து கேட்டிட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "அக்கா சுகமோ?" என்று கேட்டான். பதில் வரும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விஸ்னிங். வீடு வாங்க விரும்புகிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கும் நாளுக்கு இங்கே அதுதான் பெயர். முகவர் இளம்பையன், மிக மரியாதையாகப் பேசினான். இரண்டு நாளைக்கு எண்ணெயில் பொரிக்கவேண்டாம் என்றான். குடும்பப் படங்களை எடுத்துவிடும்படி சொன்னான். மாதாவின் படத்துக்கு முன்னால் வந்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றான். மக்டலீன் தானே அதை எடுத்து, உடுப்பு அலுமாரிக்குள், குளிர்ச்சட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள்.

பகல் ஒரு மணிக்கு அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஹொல்ம்லியா நிலையத்துக்கு முன்னால் இருந்த வாங்கில் மூவரும் உட்கார்ந்தார்கள். மக்டலீன் கட்டிக்கொண்டு வந்த பாணைப் பிய்த்துத் தந்தாள். ரயில் வந்து நின்று, ஆட்கள் இறங்கினார்கள். பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஓர் இளம் தம்பதி, கைப்பேசியில் வழி பார்த்தபடி அவர்களுடைய தெருப்பக்கம் திரும்பினார்கள்.

"எங்கடை வீட்டுக்குத்தான் போகினம்," என்றாள் சிந்தியா.

"நல்ல ஆக்கள் மாதிரிக் கிடக்கு," என்றாள் மக்டலீன்.

"அம்மா, ப்ளீஸ்."

"கெட்ட ஆக்கள் எண்டு நினைச்சால் மட்டும் எங்களுக்குக் கிடைச்சிடுமோ?"

பிலேந்திரன் பாணை மென்றுகொண்டிருந்தார். விழுங்கினாரா என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பிப் போனார்கள். வாசலில் ஒரு கூடை நிறைய, வந்தவர்கள் சப்பாத்துக்கு மேல் போட்டுக் கழற்றிய நீலப் பொலித்தீன் உறைகள். கூடத்து மேசையில் முகவர் வைத்த மஞ்சள் துலிப் பூக்கள். யாருடையதோ வாசனைத் திரவியம் இன்னும் காற்றில் நின்றது.

மக்டலீன் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் தொங்கியது. நீலக் கடல், வெள்ளைப் படகு. வீடு அழகாகத் தெரியவேண்டும் என்று முகவர் கொண்டுவந்து மாட்டியது. அதற்காக அவன் சுவரில் ஆணி அடித்திருந்தான். சரியாக மக்டலீன் நினைத்து வைத்திருந்த உயரத்தில்.

அவள் கிட்டப் போய்ப் படத்தை விரல் நுனியால் கொஞ்சம் தூக்கி ஆணியைப் பார்த்தாள். நல்ல ஆணி. ஆழமாக இறங்கியிருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "இதைக் கழட்டிப்போட்டு மாதாவைக் கொஞ்சம் மாட்டிப் பாக்கட்டோ?"

பிலேந்திரன் அலுமாரியைத் திறந்தார். குளிர்ச்சட்டைகளுக்குள் கையை விட்டுப் படத்தின் சட்டத்தைப் பிடித்தார். அப்போது மேசையில் முகவர் எழுதி வைத்துவிட்டுப் போன சிறு காகிதத்தைச் சிந்தியா எடுத்து வாசித்தாள்.

"அப்பா, நாளைக்கு அஞ்சு மணிக்குத் திரும்பவும் பாக்க வருவினமாம். எல்லாத்தையும் இப்படியே விடட்டாம்."

பிலேந்திரன் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். சட்டைகளை மெல்ல இழுத்து மூடிவிட்டு, அலுமாரிக் கதவைச் சாத்தினார்.